வடக்கு போடாத படம்

அந்த வருடம் எங்கள் வீட்டு டெலிபோன் எங்களுக்காக அடித்ததைவிட எதிர்வீட்டுக்காக அடித்ததுதான் அதிகம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காப்பி நேரத்துக்கு ஜித்தாவிலிருந்து மூஸா பாய் கூப்பிடுவார். நான் எடுத்து, "இருங்க பாய், கூப்பிடறேன்" என்று ரிசீவரை மேஜையில் படுக்கவைத்துவிட்டு வாசலுக்கு வந்து கை தட்டுவேன். அவர் மனைவி ஜன்னத் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவைக் கடந்து வருவார். ஐந்து நிமிடப் பேச்சு. அதில் பாதி "ம்". அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் நின்றபடி ஒரு பெண்பிள்ளை புருஷனிடம் மனசுவிட்டு என்ன பேச முடியும்? நானும் என் மனைவி ராஜாத்தியும் அடுக்களைக்குள் போய்விடுவோம். போனாலும் காது கூடத்தில்தான் இருக்கும். பொய் சொல்வானேன்.

நான் பஞ்சநதம். தஞ்சாவூர் தாலுகாவில் சர்வேயர். இருபத்தெட்டு வருடம் சங்கிலி இழுத்து, வரப்புக்கு வரப்பு நின்று, அண்ணன் தம்பிச் சண்டைகளில் இரண்டு பக்கமும் திட்டு வாங்கியவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் வடக்கைக் காட்டுவேன் என்று பெருமையடித்துக்கொள்கிற வழக்கம் எனக்கு உண்டு. இந்தக் கதையில் வீட்டைக் கெடுத்தவன் நான்தான் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூஸா பாய்க்குச் சொந்த ஊர் கூத்தாநல்லூர். மகள் ஹஃப்ஸாவைக் காலேஜில் சேர்ப்பதற்காக ஜன்னத் பீவி தஞ்சாவூருக்கு வந்து எங்கள் எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்தார். பாய் பத்தொன்பது வருடமாக ஜித்தாவில் மீன் அடுக்குகிற ஒரு ஐஸ் கிடங்கில் வேலை பார்த்தார். பகலெல்லாம் ஜன்னல் இல்லாத கிடங்கு. வேலை முடிந்தால் ஜன்னல் இல்லாத அறை, ஆறு பேர். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவு. அப்படி வந்த ஒரு லீவில்தான் வளர்மதி நகரில் மனை வாங்கினார்.

அளந்து கொடுத்தது நான். மனைக்கு மேற்கே முப்பதடி ரோடு. கிழக்கே புது ஆற்றிலிருந்து பிரிந்து வருகிற வாய்க்கால். கரையோரம், மனைக்குள்ளேயே ஒரு புங்க மரம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னும் பிளாட் போடாத நஞ்சை, கண்ணுக்கு எட்டுகிற வரை. நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு புங்க மர வேரில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீரில் விட்டார். "சார், நீங்க போய்க்கிட்டே இருங்க, நான் பின்னாலயே வர்றேன்" என்றார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

"வீட்டைக் கட்டி முடி, வந்து பாக்கறேன், மனசுக்குப் புடிச்சா திரும்பிப் போறதில்லன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்கக்கா" என்று ஜன்னத் பீவி ராஜாத்தியிடம் சொன்னார். "போன மூணு லீவுலயும் இருந்துடறேன்னுதான் சொன்னாங்க. பத்து நாள் போனா என்னமோ மாதிரி ஆயிடுவாங்க. எந்த எடமும் அவங்களுக்குப் பொருந்தாது. விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில உக்காருவாங்க. அப்புறம் பொட்டியக் கட்டிடுவாங்க. இந்த வீடாவது அவங்களப் புடிச்சு வச்சுக்கணும்."

வீட்டுக்குப் படம் போட நான்தான் முகுந்தைக் கூட்டிவந்தேன். நீடாமங்கலம் பக்கம் நிலம் நீச்சோடு இருந்த குடும்பம். எல்லாம் விற்று அப்பா பாங்கு உத்தியோகத்துக்கு வந்துவிட்டார். பையன் சென்னையில் ஆர்க்கிடெக்ட் படித்துவிட்டுத் தஞ்சாவூரில் ஆபீஸ் போட்டிருந்தான். ஊரெல்லாம் கண்ணாடியும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில் இவனுக்கு மட்டும் மண், காற்று, மழை என்று பேச்சு. மனையைப் பார்த்த அன்றே கையை விரித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டான்.

"ரோட்டுப் பக்கத்த மூடிட்டு வயல் பக்கத்த முழுசாத் தொறந்துடலாம்மா. இருபது அடிக்குச் செவரே வேணாம், மடக்குக் கதவு போதும். காலையில வாய்க்காத் தண்ணியில வெயில் பட்டு அந்த வெளிச்சம் கூடத்துக் கூரையில ஆடும்."

"பாம்பு வருமே தம்பி?"

"கம்பி வலை போட்டுடுவோம்."

"கொசு?"

"அதுக்கும் அதே வலைதாம்மா."

"அறுப்பு முடிஞ்சா எலியெல்லாம் வீட்டுக்குத்தான் வரும். எங்க ஊர்ல கொல்லையத் தாண்டினா வயல்தான், எனக்குத் தெரியும்." ஜன்னத் பீவி கிழக்கே வானத்தைப் பார்த்தார். "ஐப்பசியில சாரல் கெழக்கேருந்துல்ல அடிக்கும்?"

"அடிக்கட்டும்மா. அப்பத்தானே மழை பெய்யுதுன்னு வீட்டுக்குத் தெரியும்."

மேஸ்திரி சாமிதுரை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "மழ பெய்யுதுன்னு தெரிஞ்சுக்க வீடு எதுக்கு சார்? இந்த மரத்தடியே போதுமே" என்றார்.

"எனக்கு எப்படி இருந்தா என்ன" என்றார் ஜன்னத் பீவி. "அவங்களுக்குப் புடிக்கணும். அவங்களே வரைஞ்சு அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க. வரட்டும்."

முகுந்த் தன் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

தை மாதம் லீவில் வந்த ஒரு கூத்தாநல்லூர்க்காரர் கையில் படமும் ஒரு கேசட்டும் வந்தன. மீன் பெட்டி அட்டையைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் பேனாவால் வரைந்திருந்தார் பாய். வாடை இன்னும் போகவில்லை. நீளமாக ஒரு கட்டம். அதன் ஒரு பக்கம் முழுக்கக் கோடே இல்லாமல் திறந்து கிடந்தது. திறப்புக்கு வெளியே ஒரு மரம், அதன் அடியில் அலை அலையாக மூன்று கோடு. திறப்பைப் பார்த்தபடி கூடத்தில் ஒரு முஸல்லா, அதாவது தொழுகை விரிப்பு. அதன் தலைப்பக்கத்து வளைவைக்கூடப் பொறுமையாகப் போட்டிருந்தார். திறப்புக்கு நேர் எதிர்ப்பக்கம் பாத்ரூம், அடுப்படி, ஸ்டோர். ரோடு இல்லை. பத்தொன்பது வருடமாக வீட்டை உள்ளேயிருந்தே நினைத்துப் பார்த்த மனுஷன் வாசல் போட மறந்திருந்தார்.

கேசட்டை எங்கள் கூடத்தில்தான் போட்டோம். எதிர்வீட்டு டேப்ரிக்கார்டர் ரிப்பேர்.

"ஜன்னத்து, படுக்கும்போதெல்லாம் மனசுல கட்டின வீடு இது. ஒரு கோடு மாத்த வேணாம்னு எஞ்சினியர்கிட்ட சொல்லு. முஸல்லாவ விரிச்சு நின்னா எனக்கு முன்னால தொறந்து கெடக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

முகுந்த் அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பினான். "வடக்கு எதுன்னு போடலியே சார். எப்படி வச்சுப் பாக்கறது?"

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இதற்குத்தானே நான் இருக்கிறேன்? "முஸல்லா போட்டிருக்காரு பாருங்க தம்பி. அதைவிட என்ன அடையாளம் வேணும்? நம்ம ஊர்ல பாய்மாருங்க மேக்க பாத்துத்தான் தொழுவாங்க. தலைப்பக்கம் மேக்கு. அப்ப இது வடக்கு" என்று பென்சிலால் அம்புக்குறி போட்டேன். அழுத்தியே போட்டேன்.

"அப்படி வச்சா தொறப்பு ரோட்டுப் பக்கம்ல வருது? பாத்ரூமெல்லாம் வயல் பக்கம் போயிடுதே. இந்தத் தண்ணி?"

"தொட்டி கட்டச் சொல்றாரு."

"மரம்?"

"வைக்கச் சொல்றாரு."

"மரந்தான் ஏற்கெனவே இருக்கே சார். தண்ணியும் இருக்கு." முகுந்துக்குத் தலை சுற்றியது. "மேக்கு வெயில் கூடத்தச் சுட்டுப் பொசுக்கிடும். ஆடிக் காத்துல ரோட்டு மண்ணு பூரா உள்ள வரும்." பிறகு ஜன்னத் பீவியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டான். "தொழுகை விஷயம்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லம்மா."

நானும் ஒன்றும் சொல்லவில்லை. அரேபியாவில் இருந்து இருந்து பாய்க்குப் பக்தி கூடிவிட்டது, வீடே மக்காவைப் பார்த்துத் திறக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார், அதில் மூக்கை நுழைக்க நாம் யார் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஜனத்தில் ஒருத்தர் வாஸ்து என்று இப்படி ஒரு கூத்தடித்திருந்தால் அரை நாள் வாக்குவாதம் பண்ணியிருப்பேன். மரியாதை பார்த்தே அந்த வீட்டைக் கெடுத்தோம்.

ஜன்னத் பீவி அட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வளைவின் மேல் விரலை வைத்துத் தடவினார். "மத்தது எதுல தப்பு வந்தாலும் முஸல்லாவ மாத்திப் போடமாட்டாங்க" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை போனில் கேட்டார். "ம். வந்துச்சுங்க. அப்படியேதானா? தொறப்பு, முஸல்லாவுக்கு முன்னாலதானே? தண்ணியுமா?" பிறகு கொஞ்சம் சிரித்து, "சரிங்க" என்று வைத்துவிட்டார். "தண்ணி இல்லாம அது என்ன வீடுன்னு கேக்கறாங்கக்கா."

"மேக்க பாத்துத்தானான்னு ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள் ராஜாத்தி.

"முஸல்லா மேக்க பாக்காம வேற எங்கக்கா பாக்கும்?"

மாசியில் கடைக்கால் தோண்டினார்கள். வைகாசியில் சுவர் எழும்பத் தொடங்கியது. மேட்டூர் திறந்து புது ஆற்றில் தண்ணீர் வந்த அன்று வாய்க்காலில் குப்பையும் நுரையுமாக முதல் தண்ணீர் ஓடியதைப் பார்க்க ஆட்களெல்லாம் கரணையைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினார்கள். சித்தாள் பெண்கள் முகம் கழுவிக்கொண்டார்கள். பகலில் சோறு புங்க மரத்தடியில்தான். பழையதும் மோர்மிளகாயும் சாப்பிட்டுவிட்டு வயலைப் பார்த்தபடி சற்றுச் சாய்வார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் பாத்ரூம் சுவர் ஜன்னலே இல்லாமல் உயர்ந்துகொண்டிருந்தது.

"சார், நாப்பது வருசமாக் கொத்து வேல பாக்கறேன்" என்றார் சாமிதுரை. "ஓடற தண்ணிக்கு முதுகக் காட்டிக்கிட்டுத் தொட்டியில தண்ணி புடிச்சு வைக்கற வீட்ட இப்பத்தான் கட்டறேன். எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"எனக்கும்தான்" என்றான் முகுந்த். அவன் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தான். மேற்குப் பக்கம் சிமெண்டுத் தொட்டி, அதில் அல்லி, கரையில் ஒரு புங்கங்கன்று. ஆடிக் காற்றில் மூன்று கன்று ஒடிந்தது. மூன்று தடவையும் ஜன்னத் பீவி வேறு கன்று வாங்கிவந்து வைத்தார்.

தினம் மூன்று மணிக்கு அவர் தூக்குவாளியில் டீ கொண்டுவருவார். ஊற்றிக் கொடுத்துவிட்டு மரத்தடியில் உட்காருவார். ஒரு நாள் புங்க மர வேரில் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் காலைத் தண்ணீரில் விட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டார். "இங்க வந்து உக்காந்தா எந்திரிக்க மனசு வரல சார். நான்தான் வயலு வேணாம் வேணாம்னு சொன்னேன், இப்ப பாருங்க" என்றார். பாய் உட்கார்ந்த அதே வேர். எனக்கு அது கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள் பாய் வந்தார். காலையெல்லாம் மழை பெய்து பகலுக்கு மேல் வெறித்திருந்தது. கார் கூத்தாநல்லூர் போகாமல் நேரே வளர்மதி நகருக்கே வந்தது. ஜன்னத் பீவி ரவையில் தம்ரூட் கிண்டி வைத்திருந்தார். ஹஃப்ஸா காலேஜிலிருந்து இன்னும் வரவில்லை. நான், ராஜாத்தி, முகுந்த், சாமிதுரை எல்லோரும் நின்றிருந்தோம்.

பாய் உள்ளே வந்து கூடத்தின் நடுவில் நின்றார். எதிரே இருபது அடித் திறப்பு. தொட்டி. முழங்கால் உயரக் கன்று. அதற்கு அப்பால் ரோட்டில் ஒரு மினி பஸ் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போயிற்று. எதிர் மனையில் செங்கல் அடுக்கியிருந்தது.

"நல்லாருக்கு" என்றார்.

இன்னொரு தடவை, "நல்லாருக்கு ஜன்னத்து" என்றார். பிறகு அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார், நுனியில்.

ஜன்னத் பீவி அதைப் பார்த்தார். அந்த முகத்தை நான் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளத்தான் இன்றைக்கும் ஆசை. தம்ரூட் தட்டை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

பக்கத்தில் பள்ளிவாசல் கிடையாது. பிற்பகல் அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று பாய் கை கால் கழுவிக்கொண்டு வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. பெட்டியிலிருந்து முஸல்லாவை எடுத்து, அட்டையில் வரைந்திருந்த அதே இடத்தில், திறப்பைப் பார்த்து விரித்து நின்றார். மழை விட்ட வெயில் நேரே அவர் முகத்தில் விழுந்தது. தொழுது முடித்து, இரண்டு தோளுக்கும் ஸலாம் சொல்லிவிட்டு, எழுந்திருக்காமல் கண்ணைச் சுருக்கியபடி உட்கார்ந்திருந்தார்.

"சார், இது எந்தப் பக்கம்?"

"மேக்கு பாய். கரெக்டா அளந்து வச்சிருக்கோம்."

"வெயிலு மூஞ்சியில அடிக்குது." அவர் தனக்குள்ளேயே பேசுகிறவர்போல மெதுவாகச் சொன்னார். "ஜித்தாவுல அஸருக்கு நின்னா வெயிலு முதுகுல அடிக்கும். கிடங்கு வாசல்லதான் தொழுவோம். பத்தொம்பது வருசமும் முதுகுலதான் அடிச்சுச்சு."

எனக்குச் சட்டென்று அந்த ஊர் வரைபடம் ஞாபகத்துக்கு வந்தது. மக்காவுக்கு மேற்கே, கடலோரத்தில் ஜித்தா. அங்கே நிற்பவன் மக்காவைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே திரும்ப வேண்டும். பாய் முஸல்லாவைத் தன் அறையில் விரிக்கிற மாதிரியே கிழக்கே பார்த்து வரைந்திருக்கிறார். வாய்க்காலைப் பார்த்து. புங்க மரத்தைப் பார்த்து. வடக்கைத் தெற்காக்கி அம்புக்குறி போட்டது நான்.

முகுந்த் ஸ்கூட்டருக்குப் போய், பத்து மாதமாகப் பெட்டியில் சுருண்டு கிடந்த தன் முதல் படத்தை எடுத்துவந்தான். மீன் பெட்டி அட்டையை அதன் பக்கத்தில் வைத்துத் தலைகீழாகத் திருப்பினான். இரண்டும் ஒரே வீடு.

பாய் எழுந்து அடுப்படியைத் தாண்டிப் பாத்ரூமுக்குள் போனார். போனவர் வரவில்லை. ஜன்னத் பீவி பின்னால் போனார். நாங்கள் கூடத்தில் நின்றோம், எங்கள் வீட்டு அடுக்களையில் நிற்பதைப்போல. குரல் நன்றாகவே கேட்டது.

"வாளி மேல ஏறி நின்னுக்கிட்டு என்ன பாக்கறீங்க? எறங்குங்க, வழுக்கிடும்."

"வெண்டிலேட்டர் வழியா மரம் தெரியுது ஜன்னத்து. நட்டுப் பச்சையா இருக்கு வயலு."

"நான் தெனம் பாத்தேன்ங்க. தெனம் அந்த மரத்தடியிலதான் உக்காந்திருந்தேன். இத விட்டுட்டு ஏன் அந்தப் பக்கம் கேக்கறாங்கன்னு மனசுல கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். உங்ககிட்ட கேக்கத்தான் எனக்கு வாயி வரல. அடுத்தவங்க வீட்டு போனுல அஞ்சு நிமிசத்துல நான் எதக் கேப்பேன்? நல்லாருக்கீங்களான்னு கேக்கறதுக்கே நேரம் போயிடுது."

அழுதது யார் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வெளியே வந்தபோது இருவர் கண்ணும் சிவந்திருந்தது.

"டிக்கெட்டு ரிட்டனோடதான் எடுத்துக்கிட்டு வந்திருக்கேன் சார்" என்றார் பாய் என்னிடம். ஒளிக்கவில்லை. "முப்பது நாளு."

"போறதப்பத்தி அப்புறம் பேசலாம்" என்றார் ஜன்னத் பீவி. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "மேஸ்திரி, இந்தப் பாத்ரூம் செவரு எத்தன நாள்ல எடுக்கலாம்?"

"அடமழைக் காலம்மா. செவர எடுத்தா சாரல் பூரா உள்ள அடிக்குமே."

"அடிக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலையிலேயே இடித்தார்கள். பாயும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கல் தூக்கினார். முகுந்த் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடியாடினான். பாத்ரூம் வடக்குப் பக்கம் போயிற்று. குழாய்களை மாற்றும்போது இரண்டு தடவை தண்ணீர் பீறிட்டு அடுப்படி நனைந்தது. சாமிதுரை முனகிக்கொண்டே வேலை செய்தார். இருபத்திரண்டாம் நாள் கிழக்கே பன்னிரண்டு அடிக்குத் திறப்பு வந்தது. காலையில் வாய்க்கால் வெளிச்சம் கூரையில் ஆடியது. அன்றைக்கே ஒரு தவளையும் உள்ளே வந்தது.

ஆனாலும் பாய்க்குக் கால் ஊன்றவில்லை. ஜன்னத் பீவி ராஜாத்தியிடம் வந்து சொல்லுவார். "ரூமுக்குள்ள தொழ நின்னா கெழக்க பாத்து நிக்கறாங்கக்கா. போன லீவெல்லாம் பள்ளிவாசல்லயே தொழுதுட்டு வருவாங்க, அதனால எனக்கு இது தெரியல. இங்க அஞ்சு வேளையும் மாறி நிக்கறாங்க. நான் போயி முஸல்லா ஓரத்தப் புடிச்சு மெதுவாத் திருப்பறேன். கொழந்தை மாதிரி கூடவே திரும்பறாங்க. ஒடம்பு இன்னும் அங்கயே இருக்குக்கா. போயிடுவாங்கன்னுதான் தோணுது."

முப்பதாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கார் சொல்லியிருந்தது. வழியனுப்ப நான் போனேன். தப்புப் பண்ணினவன் போகாமல் இருக்க முடியுமா? கார் ரோட்டில், தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. டிரைவர் அல்லிப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் பெட்டி கயிறு போட்டுக் கட்டித் தயாராக இருந்தது. பாயைக் காணவில்லை.

ஜன்னத் பீவி கிழக்குத் திறப்பில் நின்றிருந்தார். முக்காடு தோளில் சரிந்திருந்தது, இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. புங்க மர வேரில் பாய் உட்கார்ந்திருந்தார், முதுகு மட்டும் தெரிந்தது.

"நேரமாச்சேம்மா" என்றேன்.

"அஸருக்கு ரூமுல நின்னாங்க சார். நான் திருப்பறதுக்குப் போனேன்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "மேக்க பாத்து நிக்கறாங்க. அவங்களாவே. நான் முஸல்லாவத் தொடவே இல்ல."

வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"கார அனுப்பிச்சுடுங்க சார்" என்றார்.

நான் வாசல் பக்கம் போனேன்.